பழைய நகர்ப்பகுதியில் விற்பனைக்கு வரும் குடும்ப வீட்டைப் பார்ப்பது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

நகரத்தின் பழைய பகுதியில், ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு விற்பனைக்கு வருகிறது. உயரமான கூரை, கனத்த கதவு, தேய்ந்து வழுவழுப்பான மாடிப்படி. உள்ளே கால் வைத்ததுமே மனசு அங்கேயே தங்கிவிடும். அது இயல்புதான். ஆனால் புது அடுக்குமாடி வீட்டைப் பார்ப்பதுபோல் இதைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்பதுதான். பழைய வீட்டின் பெரிய செலவுகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

கையோடு ஒரு டார்ச், அளவு நாடா, சின்ன ஸ்க்ரூடிரைவர், காந்தம், நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் தெருவில் நில்லுங்கள்

எதிர்ப்பக்கம் நின்று கூரையின் விளிம்பைப் பாருங்கள். நேர்க்கோடாக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா? மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்தில் சுவரில் பச்சையாகப் பாசி படிந்திருந்தால், அந்தக் குழாய் வெகுநாளாக ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அடுத்து வாசற்படி. பழைய தெருக்களில் சாலையை மறுபடி மறுபடி மேலே போட்டுப் போட்டு, சாலை உயர்ந்து வீடு பள்ளத்தில் போயிருக்கும். வீட்டுத் தளம் சாலையைவிடத் தாழ்வாக இருந்தால் மழைநீருக்கு உள்ளேதான் வழி. முடிந்தால் நல்ல மழை பெய்யும்போது ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நெரிசல், சத்தம், வண்டி நிறுத்த இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

படி 2: சுவரைப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் சுவர் வழியே, பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை, ஏறும். அது நிற்கும் இடத்தில் வளைந்து வளைந்து ஒரு பழுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டை ஒட்டி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். விரலால் தடவினால் மாவாக ஒட்டும். கறை மேலிருந்து கீழே இறங்கினால் கூரையைச் சந்தேகியுங்கள். வெயில் காலத்திலும் ஒரே இடம் மட்டும் ஈரமாக இருந்தால் உள்ளே ஏதோ குழாய் கசிகிறது.

சரி, ஈரம் ஏறுகிறது. அது வெளியேற முடிகிறதா? அது சுவர்ப் பூச்சைப் பொறுத்தது. இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். அது பரவலாகப் புழக்கத்துக்கு வர அதற்குப் பிறகும் பல காலம் ஆனது. அதனால் பழைய வீடுகளில் நிறைய சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் யாராவது சிமென்ட் பூசிவிட்டால், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் மேலே ஏறும். செங்கல் பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும். வெளியே சுவர் கெட்டியாகத்தான் தெரியும். விரல் முட்டியால் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது.

ஒரு சுவரில் கீழ்ப்பாதிக்கு மட்டும் புது பெயின்ட், புது டைல்ஸ், மரப்பலகை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீர்த்தடுப்பு பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். வெளியே தண்ணீரைச் சுவரை விட்டு விலக்கி, சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்புப் பூச்சு பூசுவதுதான் நிலைக்கும் வைத்தியம்.

படி 3: விரிசல்

பழைய சுவரில் விரிசலே இல்லாமல் இருக்காது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் மயிரிழை விரிசலுக்குக் கவலை வேண்டாம். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக ஏறினால், அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். விரிசலுக்குள் தூசியும் பழைய பெயின்ட்டும் அடைந்திருந்தால் அது பழசு. ஓரங்கள் கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதுசு. கவலைப்பட வேண்டியது புதுசுக்குத்தான்.

படி 4: மரம்

உத்தரத்தின் நடுப்பகுதியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுத்துப்போகும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் தங்குகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வேலையை ஆரம்பிக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, முனைப்பக்கம் ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்துங்கள். பொதுக்கென்று இறங்கினால் மரம் போய்விட்டது. சுவரோரம் கரையான் மண்தடம் இருக்கிறதா, சின்னத் துளைகளுக்குக் கீழே புதுத்தூள் உதிர்ந்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி 5: வயர், குழாய், பெயின்ட்

எர்த் இல்லாத பழைய வயரிங் என்றால் முழுசாக மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயில் காந்தம் ஒட்டவில்லை, காசால் சுரண்டினால் மெத்தென்று வெள்ளிபோல் மின்னுகிறது என்றால் அது ஈயக் குழாயாக இருக்கலாம்.

பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீடுகளுக்கு அதைத் தடை செய்ததே 1978-இல்தான். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பரிசோதிக்காமல் பழைய கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது.

படி 6: என்ன மாற்றலாம் என்று முன்பே கேளுங்கள்

பாரம்பரியப் பகுதி என்றால் கட்டுப்பாடுகள் இருக்கும். சில இடங்களில் முகப்புக்கு மட்டும், சில இடங்களில் உள்ளே இருக்கும் படிக்கட்டு, தரை வரைக்கும். ஜன்னலை மாற்றுவது, வெளிச்சுவர் நிறம், ஏசி பெட்டி, சோலார் தகடு, கூடுதல் மாடி எல்லாவற்றுக்கும் அனுமதி தேவைப்படலாம். "பக்கத்து வீட்டில் செய்திருக்கிறார்களே" என்பது பதில் ஆகாது. உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பிருந்தவர்கள் அனுமதி இல்லாமல் கட்டிய பகுதி இருந்தால், அதன் பொறுப்பும் உங்கள் தலையில் விழக்கூடும்.

இந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த அந்தத் தெரு இன்றும் அப்படியே இருப்பதற்கு அவையும் ஒரு காரணம்.

படி 7: குடும்பமும் பத்திரமும்

குடும்ப வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரே சொந்தக்காரர் இருக்க மாட்டார். வாரிசுகள் யார் யார், வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா, எல்லோரும் கையெழுத்துப் போடச் சம்மதமா என்று வழக்கறிஞரை வைத்து உறுதிசெய்யுங்கள். ஒருவர் மறுத்தாலும் விஷயம் நீதிமன்றம் வரை போகலாம். மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய வரிசை, கடன், வில்லங்கம், பொதுச்சுவர், பொதுவழி எல்லாம் பார்க்க வேண்டும். பத்திரத்தில் உள்ள அளவையும் நீங்கள் அளந்த அளவையும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், அந்த வீட்டில் அதிக காலம் வாழ்ந்த பெரியவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த மூலை ஒழுகும், எந்தச் சுவரை எப்போது இடித்துக் கட்டினார்கள், கிணறு இருந்து மூடினார்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பழைய புகைப்படம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதிலும் முகப்பின் உண்மையான வடிவம் தெரியும்.

படி 8: விலை பேசுவது

பழைய கட்டடத்தில் அனுபவமுள்ள பொறியாளரையும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் அழைத்துப்போய், உடனே செய்ய வேண்டியவை, ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியவை, காத்திருக்கக்கூடியவை என்று செலவை மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். முதல் இரண்டையும் காட்டித்தான் விலையைக் குறைக்கக் கேட்க வேண்டும். சுவரைத் திறந்தால் புதிதாக ஏதாவது வெளிப்படும், அதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். வங்கிக் கடனும் காப்பீடும் இந்த வீட்டுக்குக் கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விசாரியுங்கள். வாரிசுகளின் சம்மதமோ உள்ளாட்சி அனுமதியோ வராவிட்டால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.