‘ஜிப்’ என்ற சொல்லில் எங்கே தப்பு செய்கிறோம்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுடிதார் தைக்கக் கொடுத்தால் டெய்லர் கேட்பார்: “பின்னாடி ஜிப்பா, சைடு ஜிப்பா?” ஜிப்புக்கும் ஜிப்பாவுக்கும் உள்ள உறவு அந்தக் கேள்வியோடு சரி. ஜிப்பா, அரபியின் ‘ஜுப்பா’விலிருந்து வந்த உடைப்பெயர். ஜிப், ஆங்கிலேயர் காதால் கேட்டுக் கட்டிய சொல்.

எந்த ஓசையைக் கேட்டு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ரன்னரை இழுக்கும்போது எழும் சத்தம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பேன்டில் ஜிப் ஏறுவதற்கு வெகு முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே, காற்றைக் கிழித்துப் போகும் துப்பாக்கிக் குண்டின் ஓசைக்கு இந்தச் சொல் இருந்தது. அதிலிருந்து வேகம் என்ற பொருளும் கிளைத்தது. இன்றைய ஜிப்பின் முன்னோடியாக, அமெரிக்கரான விட்காம் ஜட்சன் 1893இல் காப்புரிமை பெற்ற பொருளுக்கு ‘கிளாஸ்ப் லாக்கர்’ என்றுதான் பெயர். கிடியன் சண்ட்பேக் என்ற பொறியாளர் 1917இல் காப்புரிமை பெற்ற மேம்பட்ட வடிவத்தின் பெயரிலும் ‘ஸிப்’ (zip) கிடையாது. 1923இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனி அதைப் பொருத்திய தன் ரப்பர் பூட்ஸுக்கு ‘ஸிப்பர்’ என்று பெயர் சூட்டியது. பூட்ஸின் பெயர் பிறகு அதன் பல்வரிசைக்கே ஒட்டிக்கொண்டது.

நமக்கு அந்த ஓசை காதில் விழாததற்குக் காரணம் ‘ஜ’. ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி வண்டு ரீங்காரம் போன்றது. தொண்டையில் இரண்டு விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுங்கள், அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேருங்கள், விரலில் அதிரும். அதுதான் அந்த ஒலி. ‘ஜ’ சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி விலகுவதால் சீறல் அறுந்துபோகிறது. இதனால்தான் மொழிபெயர்க்கும்போது “குண்டு ஜிப்பென்று பறந்தது” என்று எழுதினால் வாசிப்பவருக்குப் பேன்ட்தான் நினைவுக்கு வரும். ‘விர்ரென்று’ நம்மிடம் இருக்கிறதே.

‘ஜிப் கோடு’ மட்டும் ஓசைச் சொல் அல்ல; 1963இல் அமெரிக்க அஞ்சல் துறை கொண்டுவந்த ‘ஸோன் இம்ப்ரூவ்மென்ட் பிளான்’ என்பதன் முதலெழுத்துகள். கடிதம் வேகமாகப் போகும் என்று தோன்றட்டும் என்றே அப்படிச் சுருக்கினார்கள். வெளிநாட்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் நம் பின்கோடைப் போடலாம், மதுரை நகருக்குள் 625001 என்பதுபோல. அமெரிக்க எண்ணுக்கு ஐந்து இலக்கம்தான்; ஆறை ஏற்காமல் அடம்பிடித்தால், முதலில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுப் பிறகு எண்ணை அடியுங்கள்.