தொந்தரவே இல்லை, யூரின் கல்ச்சரில் மட்டும் கிருமி: என்ன செய்வது?

சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைதான் யூரின் கல்ச்சர். அதில் ‘இ.கோலி (குடலில் வாழும் ஒரு கிருமி), மில்லிக்கு 1,00,000-க்கு மேல்’ என்று ரிப்போர்ட் வந்ததும் மெடிக்கல் கடைக்கு ஓடாதீர்கள். சிறுநீர் போகும்போது எரிகிறதா? அடிக்கடி, அடக்க முடியாமல் வருகிறதா? அடிவயிற்றில் வலி, சிறுநீரில் ரத்தம், காய்ச்சல் உண்டா? எதுவுமே இல்லையென்றால் மருந்து வேண்டாம். சிறுநீரில் சீழ் செல்கள் (pus cells) கூடியிருந்தாலும், வாடை அடித்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் அப்படித்தான். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

விழுங்கும் ஆன்டிபயாடிக் சிறுநீர்ப்பையோடு நிற்காது. குடலில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகும், அடங்காதவை பெருகும். பிறகு சிறுநீர்ப்பாதையில் ஏறுவது அவைதான். அப்போது நிஜமாகவே நீர்க்கடுப்பு வந்தால் மாத்திரை கேட்காமல், ஊசிக்காக நீலகிரி மலையிறங்கிக் கோவையில் படுக்க நேரலாம்.

கர்ப்பிணிகள் கதை வேறு. கிருமியை விட்டுவைத்தால் சிறுநீரகத்துக்கு ஏறும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். முதல் செக்கப்பிலோ 12–16 வாரத்திலோ ஒரு கல்ச்சர் கட்டாயம். கிருமி இருந்தால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து, டாக்டர் தருவதை 4 முதல் 7 நாள் சாப்பிட வேண்டும். சிறுநீர்ப்பாதைக்குள் ரத்தம் வரக்கூடிய ஆபரேஷன் செய்யப்போகிறவர்களுக்கும் முன்கூட்டியே மருந்து உண்டு.

பாதிக் குழப்பம் சிறுநீர் மாதிரி எடுப்பதில்தான் வருகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாக வெறும் தண்ணீரில் கழுவி, பெண்கள் என்றால் இதழ்களை விரித்துப் பிடித்தபடி முதல் சிறுநீரைக் கீழே விட்டு, நடுவில் வருவதில் 20 மில்லியை லேப் தந்த ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உட்புறம் விரல் படக்கூடாது. வீட்டு ஜாம் பாட்டில் உதவாது.

2 மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். மஞ்சூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ அனுப்புகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். மலைக் குளிரில் சும்மா இருக்கும் கிருமி, வண்டி மேட்டுப்பாளையம் வெயிலுக்கு இறங்கியதும் பெருகத் தொடங்கும். அரை மணிக்கொரு முறை இரட்டித்தால் 1,000 என்பது மூன்றரை மணி நேரத்தில் 1,00,000-ஐத் தாண்டிவிடும். ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) வைத்து, ஐஸ் பேக்கோடு அனுப்பினால் 24 மணி நேரம் தாங்கும். பெண்களுக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளில் அதே கிருமி வந்தால்தான் உறுதி. மூன்று நான்கு வகை கலந்து வந்தால் தோலில் இருந்தது விழுந்திருக்கும்; மறுபடி எடுங்கள்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி என்றால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் ஊசி போடுவதற்கு முன் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுக்கச் சொல்லுங்கள்.