சொட்டாமல் ஊற்றும் மண் ஜக்கு: சக்கரத்தில் வனையும் முறை

கோலாலம்பூரில் மண்பாண்டம் பழகுபவர்கள், கிண்ணமும் குவளையும் கைக்கு வந்தபின் அடுத்துச் செய்ய விரும்புவது பெரும்பாலும் ஒரு ஜக்கைத்தான். வீட்டுக்கு வருபவர்களுக்கு மோரோ பானகமோ தம் கையால் வனைந்த ஜக்கிலிருந்து ஊற்றித் தரவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் நன்றாக வனையத் தெரிந்தவர்களும் ஜக்கில் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் உடல், மூக்கு, கைப்பிடி ஆகிய மூன்றையும் மண் வெவ்வேறு பதத்தில் இருக்கும்போது செய்யவேண்டியிருக்கிறது. உடலை அழகாக வனைந்து முடித்துவிட்டு, மூக்கை எங்கே இழுப்பது, பிடியை எங்கே ஒட்டுவது என்று பிறகு யோசிப்பதுதான் வழக்கமான பிழை. மண்ணைச் சக்கரத்தில் அறைவதற்கு முன்பே இந்த இரண்டும் மனத்தில் இருக்கவேண்டும் என்பதை முன்வைத்தே இந்த முறையை எழுதுகிறேன்.

முதலில் அளவு. சுட்டு முடித்தபின் ஒரு லிட்டர் கொள்ளும் ஜக்கு வேண்டுமானால், சக்கரத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளவேண்டும். ஸ்டோன்வேர் எனப்படும் உயர்சூட்டுக் களிமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் நீளத்தில் 12 விழுக்காடு வரை சுருங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுருங்குவதால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. எனவே சராசரி உள்விட்டம் 10 சென்டிமீட்டரும் உயரம் 19 சென்டிமீட்டரும் இருக்கும்படி வனையவேண்டும். அதற்கு, பழகுபவர் கைக்கு 1 கிலோ 400 கிராம் மண் போதும். கைப்பிடிக்கென்று அதே பையிலிருந்து இன்னும் 300 கிராம் எடுத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். பிடிக்கு வேறு மண் வேண்டவே வேண்டாம். வேறு மண் வேறு அளவில் சுருங்கும், ஒட்டிய இடம் பிளந்துகொள்ளும்.

எந்த மண்ணும் ஜக்குக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு அந்தப் பெயரே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே இருந்த செங்கல் சூளைகளால் வந்ததுதான். 1881-இல் தீயும் வெள்ளமும் அழித்த கோலாலம்பூர் பின்னர் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுந்தது. அப்படி நம் காலடியில் கிடைக்கும் மண் செங்கல்லுக்கும் பூந்தொட்டிக்கும் நல்லது. கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் தமிழ்க் குயவர்கள் வனையும் பொங்கல் பானையும், கோலகங்சாரை அடுத்த சாயோங்கில் மலாய்க்காரர்கள் செய்யும் லாபு சாயோங் எனப்படும் கரிய, சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் கூஜாவும் குறைந்த சூட்டில் வெந்தவை. அவற்றின் சுவரில் நுண்துளைகள் இருப்பதால்தான் நீர் கசிந்து ஆவியாகி, உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. தண்ணீருக்கு அது வரம். மோருக்கும் பாலுக்கும் அதுவே கேடு, ஏனென்றால் துளைகளுக்குள் புகுந்த புளிப்பு எவ்வளவு கழுவினாலும் போகாது. மோர் ஜக்குக்கு 1220 டிகிரி அளவில் இறுகும் ஸ்டோன்வேர் மண்ணையே நான் பரிந்துரைப்பேன்.

மண்ணைச் சப்பாத்தி மாவைப்போல் மடித்து மடித்துப் பிசைந்தால் மடிப்புகளுக்குள் காற்று அகப்படும். உள்ளங்கையால் முன்னோக்கி அழுத்தி, சற்றே உருட்டித் திருப்பி, மீண்டும் அழுத்தி என்று ஐம்பது அறுபது முறை பிசைந்தபின், கம்பியால் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஒரு கடுகளவு குமிழி தெரிந்தாலும் தொடர்ந்து பிசையவேண்டும். பிறகு சக்கரத்தின் நடுவில் அறைந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, கூம்பாக மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் மண்ணை மையத்துக்குக் கொண்டுவாருங்கள். கிண்ணம் வனைந்தவர்களுக்கு இது தெரிந்த வேலைதான்.

நடுவில் குழி திறக்கும்போது அடியில் 8 மில்லிமீட்டர் விடவேண்டும். ஊசியைக் குத்திப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். குழியின் அடியை விளிம்பிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து விளிம்புக்கும் விரலால் இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்க்காவிட்டால், காயும்போது அடியில் நெளிந்த கீறல் விழும். அதன்பின் சுவரை மூன்று இழுப்பில் மேலே கொண்டுவாருங்கள். நான்கு, ஐந்து என்று இழுத்துக்கொண்டே போனால் மண் நீரைக் குடித்துச் சோர்ந்துவிடும். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் வாய்விளிம்பை விரலிடுக்கில் வைத்து மெல்ல அழுத்தி, சுவரைவிடச் சற்றுத் தடிப்பாகவே விட்டுவையுங்கள். மூக்கு இந்த விளிம்பிலிருந்துதான் பிறக்கப்போகிறது; இங்கே மண் இல்லாவிட்டால் பிறகு இழுக்கும்போது கிழியும்.

வயிற்றை உள்ளிருந்து விரலால் மெல்லத் தள்ளி, கீழ்ப்பாதியில் அகலமாக்குங்கள். கழுத்தைக் குறுக்குவதற்கு முன் உள்ளே தேங்கிய நீரை, குச்சியில் கட்டிய பஞ்சால் ஒற்றி எடுத்துவிடவேண்டும். கழுத்து ஒடுங்கியபின் அது முடியாது. இரண்டு கைகளாலும் கழுத்தைச் சுற்றி வளைத்து, சக்கரத்தைச் சற்று வேகமாக விட்டு, ஒரே அழுத்தமாக இல்லாமல் சிறுகச் சிறுக நெருக்கினால் மடிப்பு விழாது. கை உள்ளே போகும் அளவுக்குக் கழுத்து இருக்கட்டும் என்பது என் கருத்து. பிடியை ஒட்டும்போது உள்ளிருந்து தாங்கவும், நாளைக்கு ஜக்கைக் கழுவவும் அந்த இடம் வேண்டும்.

இனி மூக்கு. சக்கரத்தை நிறுத்தி, மண் ஈரமாக இருக்கும்போதே, வனைந்த கையோடு இதைச் செய்துவிடவேண்டும். விளிம்பில் மூக்கு வரவேண்டிய இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, நனைத்த விரல்களால் மேல்நோக்கி மூன்று நான்கு முறை வருடினால், அந்த இடம் மட்டும் ஒரு விரற்கடை உயர்ந்து மெலியும். அடுத்து, இடது கையின் அதே இரு விரல்களை வெளிப்புறத்தில் இரண்டு தூண்களைப்போல் ஊன்றி, வலது ஆட்காட்டி விரலை நனைத்து, கழுத்தின் உட்புறத்தில் கீழிருந்து மேலாக வருடுங்கள். விரல் மேலே வர வர, இடமும் வலமுமாக அசைத்து மண்ணை வெளியே கொண்டுவரவேண்டும். கழுத்தின் அடியிலேயே ஒரு வாய்க்கால் தொடங்கி, மேலே வர வர ஒடுங்கி, நுனியில் முடிவதுபோல் இருந்தால் நீர் ஒன்றுதிரண்டு பாயும். விளிம்பை மட்டும் வளைத்துவிட்டு மூக்கு என்று சொல்லிக்கொள்ளும் ஜக்குகளில் நீர் அகலமாகப் பரவி, டம்ளரின் இருபுறமும் வழிவதைப் பார்த்திருப்பீர்கள்.

மூக்கு ஒழுகுவதற்குக் காரணம் நுனியின் உருவம். நீருக்கு மண்பாண்டத்தின் மேல் ஒட்டும் தன்மை உண்டு. நுனி உருண்டையாக இருந்தால், அந்த வளைவைப் பற்றிக்கொண்டே நீர் உதட்டின் அடிப்புறத்துக்குத் திரும்பி, ஜக்கின் வயிற்றில் வழிந்து இறங்குகிறது. கடையில் தே தாரேக் ஆற்றுபவரின் கையிலிருந்து தேநீர் வேகமாகப் பாயும்போது இப்படி ஒட்டுவதில்லை. அதே குவளையை மெதுவாகச் சாய்த்தால், முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் வெளிப்புறமாகத்தான் ஓடும். நாம் ஜக்கைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் மெதுவாகத்தான் என்பதால், நுனியே நீரை அறுத்துவிடவேண்டும். அதற்காக, மூக்கை இழுத்து முடித்தபின் நனைத்த விரல்நுனியை உதட்டின் மேல் வைத்துச் சிறிது கீழ்நோக்கி வளைத்து, அடிப்புறத்தைக் கூராக எடுத்துவிடுங்கள். விரலால் தொட்டால் விளிம்பு உணரப்படவேண்டும். ஆனால் தாள் அளவுக்கு மெலிந்துவிடவும் கூடாது, பயன்பாட்டில் சில்லு பெயரும். மூக்கின் நுனி வாய்விளிம்பைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் ஜக்கை நிறைப்பதற்கு முன்பே நீர் வழிந்துவிடும்.

கம்பியால் அடியை அறுத்து, ஜக்கைப் பலகையோடு நகர்த்தி வைத்தபின் காத்திருக்கவேண்டும். காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் இந்த ஊரில், வறண்ட நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த நேரக்கணக்கு நமக்குப் பொருந்தாது. மழை பெய்யும் நாளில் இரண்டு நாள்கூட ஆகும். குளிர்சாதன அறையில் வைத்தால் ஒரே இரவில் ஒரு பக்கம் மட்டும் இறுகிப்போகும். கடிகாரத்தை நம்பாமல் பதத்தைப் பாருங்கள். நனைந்த சவர்க்காரக் கட்டியைத் தொடுவதுபோல் இருக்கவேண்டும்: அழுத்தினால் குழியக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழவேண்டும். மூக்கும் வாயும் முந்திக் காய்ந்துவிடும் என்பதால், அந்த இடத்தை மட்டும் ஈரம் பிழிந்த துணியாலும் நெகிழிப் பையாலும் மூடிவைப்பது என் வழக்கம்.

மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் ஜக்கைச் சக்கரத்தில் தலைகீழாக நிறுத்தி அடியைச் சீவ முடியாது. கழுத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் அகலமான மண்வளையம் ஒன்றின்மேல் கவிழ்த்துச் சீவலாம். அதைவிட, வனையும்போதே அடிச்சுவரின் கூடுதல் மண்ணை மரக்கத்தியால் சாய்வாக எடுத்துவிட்டால் பிறகு சீவும் வேலையே இருக்காது.

கைப்பிடியை உருட்டிச் செய்வதைவிட இழுத்துச் செய்வதே நல்லது. எடுத்துவைத்த மண்ணை முள்ளங்கி வடிவில் உருட்டி, பருத்த முனையை இடது கையில் உயர்த்திப் பிடித்து, வலது கையை நன்றாக நனைத்து, பசுவின் காம்பில் பால் கறப்பதுபோல் மேலிருந்து கீழாக உருவிவிடவேண்டும். அழுத்தம் எப்போதும் சீராக இருக்கவேண்டும். இரண்டு மூன்று உருவலுக்கு ஒருமுறை மண்ணைத் திருப்பிப் பிடித்தால் இருபுறமும் ஒரே தடிமனில் நீளும். முடிவில் கட்டைவிரலால் நடுவே ஒரு பள்ளம் இழுத்துவிட்டால், பிடிக்கும் விரலுக்கு அது தோதாக அமையும். இருபது சென்டிமீட்டர் நீண்டபின் அறுத்து, பலகையின் மேல் வில்லைப்போல் வளைத்து வைத்துவிடுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில், வளைத்தால் வெடிக்காமலும் விட்டால் சரியாமலும் நிற்கும் நிலைக்கு வரும்.

ஒட்டும் இடத்தை நிதானமாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரு லிட்டர் மோர் ஒரு கிலோவைத் தாண்டும். ஜக்கின் எடையும் சேர்ந்தால் மணிக்கட்டின் மேல் ஏறக்குறைய இரண்டு கிலோ தொங்குகிறது. பிடியின் மேல்முனை கழுத்திலும், கீழ்முனை வயிற்றின் அகன்ற பகுதியிலும் அமைந்தால், பாரம் கைக்கு அருகிலேயே இருக்கும். பிடி வெளியே அதிகம் விலகினால் சாய்க்கும்போது கை நடுங்கும். உள்ளே நான்கு விரலும் நுழையவேண்டும். சுருங்கும் அளவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஜக்கை மேலிருந்து பார்த்து, மூக்கின் நுனி, வாயின் மையம், பிடி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருமாறு ஊசியால் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த இடங்களிலும் பிடியின் முனைகளிலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தயிர்ப் பதத்தில் கரைத்த அதே களிமண்ணைத் தடவி, உள்ளிருந்து ஒரு கையால் தாங்கியபடி வெளியிலிருந்து அழுத்துங்கள். இணைப்பைச் சுற்றி நூல்போன்ற மண்சுருள் ஒன்றை வைத்து விரலால் தேய்த்துச் சேர்த்துவிட்டால் பிடிப்பு உறுதியாகும்.

என் முதல் ஜக்கில் இந்த இடத்தில்தான் தவறினேன். மூன்று நாள் காய்ந்து வெளிறிப்போன உடலில், அப்போதுதான் இழுத்த ஈரப் பிடியை ஒட்டினேன். ஒரு வாரத்தில் மேல் இணைப்பில் மயிரிழைக் கீறல் தெரிந்தது. மண்குழம்பைத் தடவி மறைத்தேன். சூளையில் இரண்டு முறை சுட்டபோதும் அது தாங்கியது. அம்மா தண்ணீர் நிரப்பித் தூக்கியபோது பிடி மட்டும் அவர் கையில் இருந்தது. ஜக்கு சமையலறைத் தரையில் சிதறிவிட்டது. ஈரப் பிடி அதிகமாகச் சுருங்கும், காய்ந்த உடல் சுருங்கி முடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இணைப்பு இழுபட்டுப் பிளக்கும். மேலே தடவும் குழம்பு அந்தப் பிளவைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர ஒட்டாது. கீறல் கண்ட ஜக்கைச் சூளைக்கு அனுப்பாமல், உடைத்து நீரில் ஊறப்போட்டுவிடுங்கள். சுடாத மண் மறுபடியும் பயன்படும்.

பிடி ஒட்டியபின் ஜக்கு முழுவதையும் நெகிழிப் பையில் ஒரு நாள் மூடிவைத்தால் எல்லாப் பகுதியிலும் ஈரம் சமமாகப் பரவும். பிறகு பையைச் சிறிது சிறிதாகத் திறந்து, விசிறிக்காற்றும் வெயிலும் படாத இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை காயவிடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸ். 100 டிகிரியைத் தாண்டும் வரை மிக மெதுவாக ஏற்றவேண்டும். உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகி வெளியேற வழி கிடைக்காவிட்டால் பாண்டம் வெடிக்கும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரிவதால் அங்கேயும் அவசரப்படக் கூடாது. அதன்பின், இரண்டாம் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மெருகுப் பூச்சு. மோர், எலுமிச்சைச் சாறு, பானகம் எல்லாம் புளிப்புள்ளவை என்பதால் ஈயம் கலவாத, உணவுக்கு உகந்தது என்று குறிக்கப்பட்ட பூச்சையே உள்ளே ஊற்றுங்கள். மூக்கின் நுனியில் பூச்சு தடிப்பாகத் தேங்கினால், நீங்கள் பாடுபட்டுக் கூராக்கிய விளிம்பு உருகிய கண்ணாடியால் மீண்டும் உருண்டையாகிவிடும். ஈரப் பஞ்சால் ஒருமுறை அங்கே துடைத்துவிடுங்கள். அடியிலும் அரை சென்டிமீட்டர் உயரம் வரை துடைக்காவிட்டால் ஜக்கு சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் சூடு, வாங்கிய மண்ணும் பூச்சும் கேட்கும் அளவுக்கு.

சூளையிலிருந்து எடுத்து முழுவதும் ஆறியபின், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஒரு டம்ளரில் பாதி ஊற்றிச் சட்டென்று நிமிர்த்துங்கள். உலர்ந்த விரலால் உதட்டின் அடியைத் தடவிப் பாருங்கள். பத்து முறை ஊற்றியும் விரல் நனையவில்லை என்றால் மோரைக் கலக்கலாம். நனைந்தால், நுனியின் அடிப்புறத்தில் துளி வெண்ணெய் தடவி இந்த ஜக்கைப் பயன்படுத்திக்கொண்டே, அடுத்ததற்கு 1 கிலோ 400 கிராம் மண்ணை நிறுத்து எடுங்கள்.