கடைசி இரண்டு நிமிடங்கள்: அதிர்ஷ்டத்துக்குக் கதவைத் திறந்து வைக்கும் தவறுகள்

1978 நவம்பர் 19, நியூ ஜெர்சியில் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் போட்டி. நியூயார்க் ஜயண்ட்ஸ் 17, பிலடெல்பியா ஈகிள்ஸ் 12. ஆட்டம் முடிய 31 வினாடிகளே பாக்கி. பந்து ஜயண்ட்ஸ் வசம். கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் டைம்அவுட் ஒன்றுகூட ஈகிள்ஸிடம் மிச்சமில்லை. ஆட்டத்தை நடத்தும் வீரரான குவாட்டர்பேக் ஜோ பிசார்சிக் பந்தை வாங்கி, முழங்காலைத் தரையில் ஊன்றியிருந்தால் போதும். கடிகாரம் தானாக ஓடி ஆட்டத்தை முடித்திருக்கும். ஆனால் பந்தை லாரி சோன்காவிடம் கொடுத்து ஓடவிடும்படி வெளியிலிருந்து உத்தரவு வந்தது. களத்தில் வட்டமாகக் கூடி நின்ற ஜயண்ட்ஸ் வீரர்களே அதை எதிர்த்தார்கள். உத்தரவு உத்தரவுதான் என்று ஆடினார்கள். கைமாறும்போது பந்து சோன்காவின் மேல் பட்டு நழுவியது. தரையில் விழுந்து துள்ளிய பந்து, ஓடி வந்த ஹெர்மன் எட்வர்ட்ஸின் கைகளில் போய்ச் சேர்ந்தது. 26 யார்டு ஓடி, பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். 19-17 என்று ஈகிள்ஸ் வென்றது. உத்தரவு கொடுத்த துணைப் பயிற்சியாளர் மறுநாளே வேலையை இழந்தார்.

இதை அமெரிக்கர்கள், மைதானம் இருந்த பகுதியின் பெயரால், ‘மெடோலேண்ட்ஸ் அற்புதம்’ என்கிறார்கள். அந்தப் பெயரை என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதிர்ஷ்டம்; அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குத் துள்ள ஒரு சந்தர்ப்பம் கொடுத்தது மனிதர்கள் எடுத்த முடிவு. அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிக்கட்டத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். முன்னிலையில் இருப்பவர் நடக்கத் தேவையில்லாத ஒரு நகர்வை நடக்கவிடுகிறார். பின்தங்கியிருப்பவர் நடந்திருக்க வேண்டிய ஒன்றை இழந்துவிடுகிறார்.

கணக்கு எளிமையானது. ஒரு பாதிக்கு ஒவ்வோர் அணிக்கும் மூன்று டைம்அவுட்கள். இன்றைய விதிப்படி ஒரு நகர்வு (பந்தை எடுத்து ஒரு முறை ஆடுவது) முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 வினாடி அவகாசம் உண்டு. எறிந்த பந்து பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் நிற்கும். கடைசி நிமிடங்களில், பந்துடன் எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் நிற்கும். ஓடியவரைக் களத்துக்குள்ளேயே வீழ்த்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். எதிரணியிடம் டைம்அவுட் தீர்ந்துவிட்டால், மூன்று முறை முழங்கால் ஊன்றியே ஏறத்தாழ இரண்டு நிமிடங்களைக் கரைத்துவிடலாம். அந்தக் காலத்தில் இதைக் கோழைத்தனமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மெடோலேண்ட்ஸுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறியது.

இதைவிடப் பிடிபடக் கடினமான தவறு ஒன்று உண்டு: போடக் கூடாத நேரத்தில் டச்டவுன் போடுவது. 2012 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் ஜயண்ட்ஸ் 15, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 17. ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் இருந்தது. ஜயண்ட்ஸ் பந்துடன் கோல் கோட்டுக்கு மிக அருகில் நின்றது. பேட்ரியாட்ஸிடம் ஒரே ஒரு டைம்அவுட். கடிகாரத்தை ஓடவிட்டு, கடைசி வினாடிகளில் கிட்டத்திலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) உதைத்தால் கோப்பை ஜயண்ட்ஸுக்கு. இது பேட்ரியாட்ஸுக்கும் தெரியும். அதனால், பந்தும் கொஞ்சம் நேரமும் தங்களுக்கு மிஞ்சட்டும் என்று அவர்கள் வேண்டுமென்றே வழிவிட்டார்கள்! ஓடி வந்த ஜயண்ட்ஸின் அகமது பிராட்ஷாவுக்கும் கடைசி நொடியில் அது உறைத்தது. ஒரு யார்டு கோட்டருகே நின்றுவிடப் பார்த்தார். ஓடிய வேகம் விடவில்லை. உடல் திரும்பி, பின்பக்கமாக, கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனுக்குள் உட்கார்ந்தபடி விழுந்தார். மகிழ்ச்சிக்குப் பதில் தயக்கத்தோடு போடப்பட்ட டச்டவுன் அது.

பேட்ரியாட்ஸுக்கு 57 வினாடிகள் கிடைத்தன. கடைசி எறி எண்ட் ஸோனில் பலர் கைகளில் பட்டுத் தரையில் விழுந்தது. ஜயண்ட்ஸ் 21-17 என வென்றதால் பிராட்ஷாவின் பிழையை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2020 அக்டோபரில் அட்லாண்டாவின் டாட் கர்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டெட்ராய்ட்டுக்கு எதிராக 14-16 என்ற நிலையில், நிற்க முயன்றும் முடியாமல் அவரும் உள்ளே விழுந்தார். பாக்கியிருந்த 1 நிமிடம் 4 வினாடிகளில் டெட்ராய்ட் 75 யார்டு வந்து 23-22 என்று வென்றது. செய்தது ஒரே தவறு. ஒருவர் விரலில் சாம்பியன் மோதிரம், மற்றவருக்குத் தோல்வி. முடிவை வைத்து முடிவெடுத்தவரை எடைபோடுவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு எனக்கு இந்த இரண்டு காட்சிகளே போதும்.

பிலடெல்பியாவின் பிரையன் வெஸ்ட்புரூக் 2007 டிசம்பரில் டல்லஸுக்கு எதிராக இதைச் சரியாகச் செய்து காட்டினார். முன்னால் ஒருவருமில்லை. 10-6 முன்னிலை. ஒரு யார்டு கோட்டில் தானாகவே விழுந்தார். டல்லஸிடம் டைம்அவுட் இல்லை. பிறகு முழங்கால் ஊன்றியே ஆட்டம் முடிந்தது. டச்டவுனை வேண்டாமென்று விட்ட அந்த ஓட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதிகம் ஏசப்பட்ட முடிவு 2015 பிப்ரவரி சூப்பர் பவுலில் சியாட்டில் எடுத்தது. 24-28 எனப் பின்தங்கியிருந்தபோது ஜெர்மெயின் கெர்ஸ் மல்லாந்து விழுந்து, கை கால்களில் பட்டுத் துள்ளிய பந்தைப் பிடித்தார். அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஓர் அணிக்கு அமையாது. அதை வைத்து ஒரு யார்டு தூரத்துக்கு வந்தார்கள். அங்கே மார்ஷான் லிஞ்சை ஓடவிடாமல் பந்தை எறிந்தார்கள். பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பறித்தார். “ஓடியிருக்க வேண்டாமா?” என்று உலகமே கேட்டது. என் பார்வையில் எறிந்தது மட்டும் குற்றமல்ல. 26 வினாடிகளும் ஒரே டைம்அவுட்டும் இருக்கும்போது மூன்று முறை ஓடிப்பார்க்க நேரம் போதாது. ஒரு முறையாவது எறிந்தால்தான், பந்து தரையில் விழுந்து கடிகாரம் நிற்கும். உண்மையான நஷ்டம் அதற்கு முன்பே நேர்ந்தது. கெர்ஸின் பிடிக்குப் பின் தடுமாறி ஒரு டைம்அவுட்டைச் செலவழித்திருந்தார்கள். அது கையில் இருந்திருந்தால் மூன்று முறையும் ஓடியிருக்கலாம்.

பின்தங்கிய அணி மறக்கும் இன்னொரு விஷயம், நடுவருக்கும் நேரம் தேவை என்பது. 2022 ஜனவரியில் டல்லஸ், சான் பிரான்சிஸ்கோவிடம் 17-23 எனப் பின்தங்கியிருந்தது. 14 வினாடிகள், டைம்அவுட் இல்லை. குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் களத்தின் நடுவே 17 யார்டு ஓடிச் சறுக்கினார். பிறகு பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தலாம் என்பது திட்டம். ஆனால் பந்தை நடுவர் தொட்டு, உரிய இடத்தில் வைத்த பிறகே அடுத்த நகர்வு தொடங்கலாம். நடுவர் பின்னாலிருந்து ஓடி வந்து, வீரர்களை இடித்து விலக்கிக்கொண்டு பந்தை வைப்பதற்குள் நேரம் தீர்ந்தது.

அதே மாதத்தில் பஃபலோ இதற்கு நேரெதிரான தவறைச் செய்தது. கான்சாஸ் சிட்டிக்கு எதிராக 36-33 முன்னிலை, 13 வினாடிகள் பாக்கி. புள்ளி எடுத்த பின் எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பந்தை எண்ட் ஸோனுக்குள் உதைத்தார்கள். அதில் ஒரு வினாடிகூடக் கரையவில்லை. களத்துக்குள் விழும்படி உதைத்திருந்தால், எடுத்து ஓடுவதிலேயே சில வினாடிகள் போயிருக்கும். கான்சாஸ் சிட்டி இரண்டே எறிகளில் 44 யார்டு தாண்டி, சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 42-36 என்று வென்றது.

கடைசியாக, சும்மா இருக்க முடியாத தவறு. 1993 நவம்பர் 25, நன்றி நவிலும் நாள். டல்லஸ் களமெங்கும் பனி. டல்லஸ் 14, மயாமி 13. 15 வினாடிகள் இருக்கும்போது மயாமியின் பீட் ஸ்டோயனோவிச் உதைத்த ஃபீல்டு கோலை டல்லஸ் தடுத்துவிட்டது. பந்து பனியில் உருண்டு போயிற்று. யாரும் தொடாமல் இருந்தாலே டல்லஸுக்கு வெற்றி; மற்ற வீரர்கள் கைகளை விரித்து “விலகுங்கள்” என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள். லியோன் லெட் மட்டும் ஓடி வந்து சறுக்கி, பந்தைக் காலால் தட்டிவிட்டார். தொட்டதும் பந்து யாருக்கும் பொதுவாகிவிட்டது. ஒரு யார்டு கோட்டில் மயாமி அதன் மேல் விழுந்தது. மூன்று வினாடிகள் இருந்தன. ஸ்டோயனோவிச் மீண்டும் உதைத்தார், இந்த முறை 19 யார்டிலிருந்து. மயாமி 16, டல்லஸ் 14.