இரத்தத்தில் ரெக்3ஏ புரதத்தை அளக்கும் முறை

கணைய அழற்சி கண்ட எலிகளின் கணையச் சாற்றில் 1984-ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட புரதத்தோடு உறவுடைய மனிதப் புரதமே ரெக்3ஏ. நலமான கணையத்தில் மிகக் குறைவாக இருக்கும் இது, அழற்சி தொடங்கியதும் பன்மடங்கு சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. சிறுகுடலின் பேனத் உயிரணுக்களும் இதைச் சுரக்கின்றன. அங்கே இது சில பாக்டீரியாக்களைக் கொல்வதோடு, குடல் உட்சுவர் உயிரணுக்கள் பிழைத்துப் பெருகவும் துணைபுரிகிறது. அளவிடத் தொடங்கும் மாணவர் இந்த இரட்டைப் பிறப்பிடத்தை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்த இரத்தத்தை அறை வெப்பத்தில் சுமார் 30 நிமிடம் உறையவிட்டு, மையவிலக்கியில் சுழற்றி, சீரத்தை, அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரை, தனியே எடுக்கவும். சிவப்பணுக்கள் உடைந்து செந்நிறமான சீரத்தை ஒதுக்கிவிடுவதே நல்லது. எஞ்சியதைச் சிறு குப்பிகளில் பங்கிட்டு மைனஸ் 80 பாகை செல்சியஸில் வைத்தால், ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்க நேராது.

எதிர்ப்புரதங்களால் புரதத்தைப் பிடித்து நிறமாற்றத்தின் மூலம் அளக்கும் சோதனையே எலைசா. அதன் குழிகள் கொண்ட தட்டைக் கையாள்வதில்தான் கோலாலம்பூரில் கூடுதல் கவனம் தேவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தட்டின் உறையை உடனே பிரித்தால், நம் ஊரின் ஈரக்காற்று தட்டின் குழிகளில் நீராய்ப் படியும். ஆகவே உறை அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்காமல் காத்திருங்கள். ஏர்கோன் காற்று நேராக விழும் மேசையிலும் தட்டை வைக்கக் கூடாது, ஏனெனில் ஓரக் குழிகளும் நடுக் குழிகளும் வெவ்வேறு வேகத்தில் வினைபுரிந்து, ஒரே சீரத்துக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் தடைப்படக்கூடும் என்பதால், தட்டு வாசிப்பானைத் தடையிலா மின்கருவியில் இணைப்பது என் உறுதியான பரிந்துரை.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் இடுங்கள். நிறவினையை நிறுத்தும் அமிலம் சேர்த்தவுடன் 450 நானோமீட்டரில் வாசியுங்கள். அளவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு வரைந்த அளவுகோட்டின் உச்சத்தைத் தாண்டிய மாதிரியை ஊகித்துக் கணக்கிடாமல், மேலும் நீர்க்கச் செய்து மறுபடி அளக்க வேண்டும்.

ரெக்3ஏ உயர்ந்திருப்பதை மட்டும் வைத்துக் கணைய அழற்சி என்று எழுதிவிடாதீர்கள். எலும்பு மச்சை மாற்றத்துக்குப் பின் ஒட்டுத்திசு எதிர்வினை (கொடையாளரின் உயிரணுக்கள் நோயாளியின் உடலையே தாக்குவது) குடலைத் தாக்கும்போதும் இது ஏறும். மேல்வயிற்று வலி, இயல்பு வரம்பின் மூன்று மடங்குக்குக் குறையாத லைபேஸ் அல்லது அமிலேஸ் என்னும் செரிமான நொதி, ஸ்கேன் காட்டும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் மருத்துவர்கள் கடுங்கணைய அழற்சியை உறுதிசெய்கின்றனர். ஆதலால் ரெக்3ஏ அளவுக்குப் பக்கத்திலேயே லைபேஸ் அளவையும், இரத்தம் எடுத்த நேரத்தையும், நோயாளிக்குக் குடல் நோய் உண்டா என்பதையும் குறித்து வையுங்கள்.