டென்னிஸ் தகுதிச் சுற்றைப் பார்ப்பது எப்படி? ஒரு நோட்டும் பேனாவும் போதும்

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். இங்கே டென்னிஸ் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். நானும் அப்படி இருந்தவன்தான். பிறகு டென்னிஸ் பார்க்கப் பழகியது பெரிய இறுதிப் போட்டிகளால் அல்ல, யாரும் கண்டுகொள்ளாத தகுதிச் சுற்றுகளால். புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். இறுதிப் போட்டியில் வர்ணனையாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், நமக்கு வேலை இருக்காது. தகுதிச் சுற்றில் பெரும்பாலும் ஒரே கேமரா, சில நேரம் வர்ணனையே கிடையாது. நம் கண்தான் எல்லாம்.

முதலில், தகுதிச் சுற்று என்றால் என்ன?

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கல்லணைக்குப் பக்கத்து வயலில் முதலில் தண்ணீர் பாயும், கடைமடைக்காரர் முறை வரும்வரை காத்திருப்பார். தரவரிசையில் மேலே இருப்பவர்கள் தலைமடை. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளைக் கிராண்ட் ஸ்லாம் என்பார்கள். அதில் ஆண்கள் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 இடங்கள். 104 பேர் தரவரிசையை வைத்து நேராக உள்ளே வந்துவிடுவார்கள். 8 இடம் வைல்டு கார்டுக்கு, அதாவது போட்டி நடத்துபவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. மிச்சம் 16 இடத்துக்கு இன்னொரு 128 பேர் முட்டி மோதுவதுதான் தகுதிச் சுற்று. மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயிக்க வேண்டும், ஒன்றில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கடைமடையில் என்ன விளையும் என்று கேட்காதீர்கள். 2021 அமெரிக்க ஓப்பனில் எம்மா ரடுகானு தகுதிச் சுற்றில் மூன்று, பிரதான சுற்றில் ஏழு என்று பத்து ஆட்டம் ஆடி, ஒரு செட்கூட விடாமல் கோப்பையைத் தூக்கினார். 2025 ஷாங்காய் மாஸ்டர்ஸில் தரவரிசையில் 204-ல் இருந்த வாலன்டன் வாஷரோ தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி, அரையிறுதியில் ஜோகோவிச்சைத் தாண்டிப் பட்டமே வென்றார்.

எப்போது உட்காருவது?

ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்று வரும்போது நமக்கு மார்கழிக் கடைசி. மெல்போர்னில் காலை 10 மணி என்றால் இங்கே அதிகாலை 4.30. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும் நேரம், எப்படியும் தூக்கம் போகப் போகிறது, எழுந்து பார்த்துவிடலாம். மே மாதக் கடைசியில் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன், காலை 10 மணி ஆட்டம் நமக்கு மதியம் 1.30. விம்பிள்டன் தகுதிச் சுற்று ஜூன் பிற்பகுதியில், விம்பிள்டனில் அல்ல, ரோஹாம்ப்டனில் நடக்கும். 11 மணி ஆட்டம் நமக்கு 3.30. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்திருந்தால் அப்போது குறுவை வேலை ஓடிக்கொண்டிருக்கும், வரப்பில் உட்கார்ந்து போனில்தான் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் நியூயார்க், இரவு 8.30, சாப்பாட்டுக்கு அப்புறம்.

அதுவரை காத்திருக்க முடியாது என்றால் ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபியின் இணையதளத்தில் சேலஞ்சர் எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டிகள் இலவசமாகவே வருகின்றன. அங்கே ஆடுவோரும் கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கு வருவோரும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான்.

அட்டவணையைப் படியுங்கள்

128 பேர் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். எட்டு எட்டுப் பேராகக் கோடு போட்டுப் பிரியுங்கள். பதினாறு கட்டம் வரும், ஒரு கட்டத்துக்கு ஒருவர்தான் தேறுவார். ஒவ்வொரு கட்டத்திலும் சீடு பெற்றவர், அதாவது அந்தப் போட்டிக்கு வலுவானவர் என்று எண் கொடுக்கப்பட்டவர், இரண்டு பேர் இருப்பார்கள். பிடித்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று சுற்றும் அதையே தொடருங்கள். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் நம் சுமித் நாகல் இருந்த கட்டத்தைத் தொடர்ந்திருந்தால், அவர் தேறி வந்து பிரதான சுற்றில் 31-ம் சீடு பெற்ற பூப்ளிக்கை நேர் செட்டில் வீழ்த்தியபோது உங்களுக்கு ஆச்சரியம் பாதியாகக் குறைந்திருக்கும்.

பந்தைப் பார்க்காதீர்கள்

பந்தோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது. நான் ஒரு வருஷம் அப்படித்தான் ஆட்டினேன். ஒருநாள் களத்துமேட்டில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தப்பா. டென்னிஸில் புள்ளி ஏன் 15, 30 என்று போகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அந்தப் பய இந்தப் பக்கம் பந்து வந்தா மட்டும் ஓரடி பின்னாடி போறானே, காலு வலியா?" என்றார். கால் வலி இல்லை. பேக்ஹேண்ட் பயம், அதாவது புறங்கைப் பக்கம் அடிக்கப் பயம். எதிராளிக்கும் அது புரிந்துவிட்டது, அடுத்த செட் முழுக்க அந்தப் பக்கமே அடித்தார், 6-2.

ஆக, முதல் நான்கு கேம் ஒரே ஒருவரின் காலை மட்டும் பாருங்கள். அடுத்த நான்கு கேம் மற்றவர் கால்.

இரண்டாவது சர்வை எண்ணுங்கள்

இதுதான் முக்கியம், இதற்கு மட்டுமாவது நோட்டு வேண்டும். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு ஆளுக்கு ஒரு பாதி. பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவதுதான் சர்வ், அதற்கு இரண்டு வாய்ப்பு. முதல் சர்வ் தவறி இரண்டாவது சர்வ் போடும்போதெல்லாம் நோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். சர்வ் போட்டவரே அந்தப் பாயிண்டை ஜெயித்தால் நோட்டுப் புள்ளியைச் சுற்றி வட்டம்.

காரணம் இருக்கிறது. ஆண்கள் ஆட்டத்தில் முதல் சர்வ் உள்ளே விழுந்தால் பத்துக்கு ஏழு முறை போட்டவருக்கே புள்ளி. இரண்டாவது சர்வில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு செட்டில் பதினைந்து புள்ளியில் ஐந்துக்குத்தான் வட்டம் என்றால் அவர் ஸ்கோரில் முன்னே இருந்தாலும் நம்பாதீர்கள், சீக்கிரம் மடை உடையும்.

கை பழகியதும் பிரேக் பாயிண்டில், அதாவது சர்வ் போடுபவர் இதை விட்டால் கேமே போய்விடும் என்ற கட்டத்தில், சர்வ் எந்தப் பக்கம் போகிறது என்று ஓர் அம்புக்குறியும் சேர்த்துக்கொள்ளலாம். 15-40 தவிர மற்ற பிரேக் பாயிண்ட் எல்லாமே இடது பாதியில் நின்று போடும் சர்வ். இடதுகை ஆட்டக்காரர் அங்கிருந்து வெட்டிப் போட்டால் வலதுகைக்காரரை மைதானத்துக்கு வெளியே இழுத்துவிடலாம். இடதுகைக்காரர்கள் நெருக்கடியில் தப்பிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கடைசிச் சுற்றில் ஒரு சின்ன விஷயம்

மூன்றாவது சுற்றில் தோற்றவர் உடனே பையைக் கட்டமாட்டார். பிரதான சுற்றில் யாராவது காயத்தால் விலகினால் அந்த இடம் இவர்களில் ஒருவருக்குப் போகும். லக்கி லூசர் என்று பெயர்.

நேரில் போவதானால்

நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானத்தில் போட்டி நடக்கும்போது மன்னை எக்ஸ்பிரஸிலோ தஞ்சாவூர் உழவனிலோ ஏறினால் விடியலில் எழும்பூர். அங்கிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் நுங்கம்பாக்கம். தொப்பி, தண்ணீர் அவசியம். பக்கவாட்டில் உட்காராமல் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் உட்காருங்கள், பந்து எவ்வளவு வளைகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். சின்ன மைதானத்தில் கோச் சொல்வதும் காதில் விழும். 2025-லிருந்து ஆட்டத்தின் நடுவே யோசனை சொல்ல விதியே அனுமதிக்கிறது.

இரண்டாவது செட் முடிந்ததும் யார் ஜெயிப்பார், ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மூன்றாவதைப் பாருங்கள். என் நோட்டில் இதுவரை பாதிக்கு மேல் தப்பு. சித்தப்பா கணிப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் பார்த்ததும் அந்த ஒரே ஆட்டம்தான்.