கால்வே: விசா வாங்குவதிலிருந்து சுவரை உதைப்பது வரை

அயர்லாந்து போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் டப்ளினில் நான்கு நாள் சுற்றுவார்கள். ஐந்தாம் நாள் ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் ஏறி, கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் மேற்குக் கரை ஊரான கால்வேயில் முக்கால் மணி நேரம் நிற்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, கழிப்பறையைத் தேடி, ஒரு காபி வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த தடவை மூன்று இரவு தங்கினேன். இது காலால் பார்க்க வேண்டிய ஊர் என்று அப்போதுதான் புரிந்தது.

முதல்முறை போகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்யலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: விசாவை முதலில் முடியுங்கள்

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்றல்ல. ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அந்த நாட்டு வசிப்பிட அட்டை கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் டிக்கெட் போட்டார். விமான நிலையக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிக்கெட் பணம் போனது போனதுதான்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்தின் தனி விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுக்குத் தேவையில்லை. சுற்றுலாவுக்கு வாங்குவது ‘சி’ வகைக் குறுகிய கால விசா. அதிகபட்சம் 90 நாள். கட்டணம் ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஆவணங்களோடு விண்ணப்ப மையத்தில் கொடுக்க வேண்டும். ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், அலுவலக விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, எந்த நாள் எங்கே இருப்பீர்கள் என்ற திட்டம், இவை முக்கியம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள்.

பெல்ஃபாஸ்ட் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். அது இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சாவடி எதுவும் கிடையாது, பஸ் பாட்டுக்குப் போய்விடும். அதற்காக விசா வேண்டாம் என்று அர்த்தமில்லை. இந்தியர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே விசா செல்லும் திட்டம் ஒன்று உண்டு. விசாவில் ‘பிஐவிஎஸ்’ என்ற குறிப்பு இருந்தால்தான் அது பொருந்தும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் என் தேர்வு. ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகிவிடும். ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு வெயிலில் நடக்கலாம். டிசம்பரில் நேர்மாறு, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

ஜூலையில் கலை விழா, அது முடிந்த கையோடு குதிரைப் பந்தய வாரம். கூட்டமும் கொண்டாட்டமும் பிடிக்கும் என்றால் போங்கள். ஆனால் அறை வாடகை கண்ணைக் கட்டும், பல மாதம் முன்பே புக் செய்யவில்லை என்றால் கிடைக்கவும் கிடைக்காது.

படி 3: குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்

அட்லாண்டிக் காற்று நேரே வந்து மோதுகிற ஊர். மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். என் மடக்குக் குடை முதல் நாளே கம்பி பிதுங்கிக் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. தலை மூடி வைத்த மழைக் கோட்டும் நனையாத ஷூவும்தான் உதவும். ஒரே நாளில் வெயில், சாரல், காற்று, மறுபடி வெயில் என்று நான்கும் வரும். மழை நிற்கட்டும் என்று அறையில் உட்கார்ந்தால் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பிளக் பாயின்ட் பிரிட்டனில் உள்ள அதே சதுர முள் வகை. இந்திய உருண்டை முள் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

படி 4: டப்ளின் வழியாக வந்து சேருங்கள்

இந்தியாவிலிருந்து டப்ளினுக்கு நேரடி விமானம் இல்லை. சென்னையிலிருந்து துபாய், அபுதாபி, தோஹா வழியாக வருவதுதான் தலைவலி குறைந்த வழி. லண்டனில் மாறுவதென்றால் பிரிட்டனின் இடைநிற்றல் விசா விதிகளையும் பார்க்க வேண்டிவரும்.

டப்ளின் விமான நிலைய வாசலிலிருந்தே கால்வேக்கு நேரடி கோச் பஸ்கள் இருக்கின்றன. இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ரயிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும், ஆனால் அது நகரத்துக்குள் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கிளம்பும். பெட்டியோடு அங்கே போய் மாறுவது வீண் அலைச்சல். விமானத்திலிருந்து நேரே வருகிறவர்களுக்கு பஸ்ஸே மேல். டிக்கெட்டை இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

படி 5: ஒரே கோட்டைப் பிடித்து நடங்கள்

பஸ் நிலையம், ரயில் நிலையம் இரண்டுமே ஏர் சதுக்கத்தை ஒட்டித்தான். அங்கிருந்து வில்லியம் ஸ்ட்ரீட், ஷாப் ஸ்ட்ரீட், ஹை ஸ்ட்ரீட், கீ ஸ்ட்ரீட் என்று பெயர் மாறிக்கொண்டே ஒரே தெரு சரிவாக இறங்கி ஆற்றங்கரையில் முடியும். இந்தக் கோடு பிடிபட்டால் ஊர் பிடிபட்ட மாதிரி. நிற்காமல் நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம், நின்று நின்று நடந்தால் அரை நாள். கடைசித் தெருவின் பெயரை எழுத்தைப் பார்த்து ‘குவே’ என்று படிக்காதீர்கள், ‘கீ’ என்றால்தான் வழி சொல்வார்கள்.

சதுக்கத்துப் பூங்காவுக்கு ஜான் கென்னடியின் பெயர். 1963 ஜூனில், அமெரிக்க அதிபராக இருந்தபோது இங்கே வந்து பேசினார். அதே ஆண்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தெருவில் இறங்கினால் ஒரு பெஞ்சில் இரண்டு பேர் சிலையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட், மற்றவர் எஸ்டோனிய எழுத்தாளர் எடுவர்ட் வில்டே. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 2004ல் எஸ்டோனியா கொடுத்த பரிசு. நடுவில் உட்கார்ந்து படம் எடுக்க எப்போதும் வரிசை இருக்கும்.

ஷாப் ஸ்ட்ரீட்டில் லிஞ்ச் கோட்டை என்ற பழைய கல் கட்டடம், இப்போது வங்கி. இந்த லிஞ்ச் குடும்பம், ஊரை ஆண்ட பதினான்கு வணிகக் குடும்பங்களில் ஒன்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் சந்துகள் பிரியும். வலப்பக்கம் திரும்பினால் 1320ல் கட்டப்பட்ட புனித நிக்கலஸ் தேவாலயம். கொலம்பஸ் 1477ல் இங்கே வந்து வழிபட்டார் என்று ஊரில் சொல்வார்கள். தேவாலயத்தின் பின்னால் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், சுவரில் ஒரு கல் ஜன்னல், கீழே மண்டை ஓடு செதுக்கிய கல். 1493ல் மேயராக இருந்த ஜேம்ஸ் லிஞ்ச், விருந்தாளியாக வந்த ஸ்பானிய இளைஞனைக் கொன்ற தன் மகனுக்கு மரண தண்டனை விதித்தாராம். நிறைவேற்ற ஊரில் யாரும் முன்வராததால் தன் கையாலேயே தூக்கில் போட்டாராம். சான்று கிடையாது, ஊர்க்கதைதான். ஆனால் மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது ‘அட, இங்கேயுமா’ என்று தோன்றும்.

கோட்டின் முடிவில் ஸ்பானிய வளைவு. 1584ல் நகர மதிலோடு சேர்த்துக் கட்டியது. படத்தில் பார்த்துவிட்டு வந்தால் ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும், சின்ன வளைவுதான். 1755ல் லிஸ்பனை அழித்த பூகம்பம் கிளப்பிய சுனாமி இங்கே வரை வந்து இதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். பின்னாலேயே நகர அருங்காட்சியகம், அனுமதி இலவசம், மழைக்கு ஒதுங்கவும் நல்ல இடம். பக்கத்தில் காரிப் ஆறு இரைந்துகொண்டு ஓடும். ஏரியில் பிறந்து கடலில் சேர மொத்தமே ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் வேகம் பயங்கரம். குழந்தைகளைக் கரை ஓரத்தில் விடாதீர்கள்.

அக்கரையில் கிளாடா. ஒரு காலத்தில் கூரை வீடுகள் நிறைந்த மீனவக் குப்பம்; 1930களில் அந்த வீடுகளை இடித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது அந்தப் பெயரில் வரும் கிளாடா மோதிரம். இரண்டு கைகள் ஒரு இதயத்தைப் பிடித்திருக்க, மேலே கிரீடம்: நட்பு, காதல், விசுவாசம். வாங்கினால் போடும் முறையும் தெரிந்துகொள்ளுங்கள். வலக்கையில், இதயத்தின் கூர்முனை விரல் நுனியைப் பார்த்தால் ‘இன்னும் யாரும் இல்லை’ என்று பொருள். முனை உங்களைப் பார்த்தால் மனதில் யாரோ இருக்கிறார்கள். இடக்கையில் போட்டால் நிச்சயமோ கல்யாணமோ ஆகிவிட்டது.

படி 6: சாப்பாடு

காலையில் விடுதியில் ‘ஐரிஷ் காலை உணவு’ தருவார்கள். தட்டில் கறுப்பாக வட்டமாக இருப்பது வடை அல்ல, பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங். வெள்ளையாக இருப்பதில் ரத்தம் இல்லை, ஆனால் அதுவும் பன்றிதான். சைவர்கள் காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் கேளுங்கள், எங்கும் கிடைக்கும். சூப்பில் கோழிச்சாறு சேர்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, இது கடல் ஊர். சனிக்கிழமை இருந்தால் தேவாலயத்தை ஒட்டிப் போடும் சந்தையில் நின்றுகொண்டே சாப்பிடலாம்.

படி 7: இரவு ஒரு பப்பில் உட்காருங்கள்

குடிக்காதவர்களும் போகலாம், டீ கேட்டால்கூட யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். குழந்தைகளோடு போனால் இரவு 9 மணிக்குள் கிளம்ப வேண்டும், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. மேஜைக்கு வந்து ஆர்டர் எடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், கவுண்டரில் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும்.

இங்கே ‘செஷன்’ என்பது மேடைக் கச்சேரி கிடையாது. மூலையில் ஒரு மேஜை, அதைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் பிடிலை எடுப்பார், இன்னொருவர் டின் விசில் என்கிற சின்னக் குழலை ஊதுவார், பௌரான் என்ற தோல் கருவி சேர்ந்துகொள்ளும். நம் கஞ்சிராவைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் குச்சியால் தட்டுவார்கள். முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இல்லன் பைப் கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

அந்த மேஜையில் காலி நாற்காலி இருந்தாலும் உட்காராதீர்கள், வரப்போகும் வாத்தியக்காரருக்கானது. பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்பும் பழக்கமும் வேண்டாம். யாராவது வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால் மொத்தக் கடையும் அடங்கிவிடும். அப்போது நீங்களும் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

படி 8: சால்ட்ஹில் போய்ச் சுவரை உதையுங்கள்

இரண்டாம் நாள் காலை கிளாடாவிலிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் சால்ட்ஹில் நடைபாதை வரும். நிதானமாகப் போனால் கடைசி வரை ஒரு மணி நேரம். முடியாதவர்கள் ஏர் சதுக்கத்தில் 401 பஸ் பிடிக்கலாம். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவது இங்கே எல்லோரும் செய்வது.

நடைபாதை முடியும் இடத்தில் கடலுக்குள் மஞ்சளாக ஒரு டைவிங் கோபுரம். நாம் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டு நடுங்கிக்கொண்டு நிற்போம், அறுபது எழுபது வயதுக்காரர்கள் அதிலிருந்து தண்ணீரில் குதித்துக்கொண்டிருப்பார்கள். அதன் பக்கத்துச் சுவரைத்தான் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தட்டாவிட்டால் நடை கணக்கில் சேராதாம்.

படி 9: மூன்றாம் நாள், வெளியே ஒரு இடம்

மோஹர் பாறைகள், ஆரன் தீவுகள், இரண்டில் ஒன்று மட்டும். ஒரே நாளில் இரண்டையும் காட்டுகிற சுற்றுலாக்கள் உண்டு, பஸ்ஸிலும் படகிலுமே நாள் போய்விடும். பாறைகள் 214 மீட்டர் உயரம். பனிமூட்டம் வந்தால் ஒன்றுமே தெரியாது, எனவே முந்தின இரவு வானிலை பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நான் தீவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கால்வேயிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், ராசவீல் துறையில் படகு ஏறினால் 40 நிமிடத்தில் ஆரன் தீவுகளில் பெரியதான இனிஷ் மோர். இறங்கியதும் வாடகை சைக்கிள். தீவு மக்கள் ஐரிஷ் மொழி பேசுகிறவர்கள், ‘குர மா அகத்’ என்று நன்றி சொன்னால் முகம் மலரும். சுற்றிலும் கல் வேலிகள், ஒரு கோடியில் டூன் எங்கஸ் கல் கோட்டை. கோட்டை முடியும் இடத்தில் தரையும் முடிந்துவிடும், கீழே ஏறக்குறைய 100 மீட்டரில் கடல். தடுப்புக் கம்பி கிடையாது. எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குப்புறப் படுத்து ஊர்ந்து போய்த்தான் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படகை விட்டால் அன்று ராத்திரி தீவில்தான்.